அறுத்த வயலைக் காட்டி ‘தரிசு’ என்கிறார்கள்!



காரைக்குடியில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக் கொண்டிருந்தேன். ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் வந்து கையைப் பிடித்துக் கொண்டார். “ஹஜ்ரத், அரிட்டாபட்டி விவகாரம்தான் முடிஞ்சு போச்சே! டெல்லிக்காரனே ரத்துன்னு சொல்லிட்டான். நீங்க இன்னமும் மேடைக்கு மேடை சுரங்கம், சுரங்கம்னு பேசிக்கிட்டே இருக்கீங்க. நமக்கு வயலா இருக்கு, வரப்பா இருக்கு? நாம வியாபாரிங்க” என்றார்.

அவர் கேட்டதில் கோபப்பட ஒன்றுமில்லை. நம் சமுதாயத்தில் பத்துப் பேரில் எட்டுப் பேர் மனதில் இருப்பதைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார். வெயிலில் நின்று பதில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இந்தப் பக்கங்களில் எழுதுகிறேன்.

முடிந்து போன விவகாரத்திலிருந்தே தொடங்குவோம். அது எப்படி முடிந்தது என்று பார்த்தால்தான், எது முடியவில்லை என்பது விளங்கும்.

பத்தில் ஒன்றுதான் பசுமையா?

மேலூர் வட்டாரத்தில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்று மத்திய அரசு கோடு போட்ட நிலம் 2015.51 ஹெக்டேர். நம் கணக்கில் சுமார் ஐயாயிரம் ஏக்கர். அரிட்டாபட்டி, அ.வல்லாளப்பட்டி, நரசிங்கம்பட்டி, கிடாரிப்பட்டி என்று ஊர் ஊராக அந்தக் கோட்டுக்குள் அடக்கம். 2024 நவம்பர் 7 அன்று இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஏலத்தில் முன்னுரிமை பெற்றதாக அறிவித்தார்கள். ஊர் கொதித்தது. டிசம்பர் 9 அன்று தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மாநில அரசு நவம்பர் வரை ஆட்சேபமே சொல்லவில்லை என்றது மத்திய அமைச்சகம். 2023 அக்டோபரிலேயே கடிதம் எழுதிவிட்டோம் என்றது மாநில அரசு. இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் கரி பூசிக் கொண்டிருந்தபோது, விவசாயிகள் 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து. அல்ஹம்துலில்லாஹ்!

இதற்கு நடுவில் 2024 டிசம்பர் 24 அன்று மத்திய சுரங்க அமைச்சகம் வெளியிட்ட ஓர் அறிக்கையை யாரும் மறந்துவிடக் கூடாது. அரிட்டாபட்டி பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று 2022 நவம்பரில் தமிழக அரசு அறிவித்திருந்தது அல்லவா? அதன் பரப்பு 193 ஹெக்டேர். தொகுதியின் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அந்தப் பங்கை மட்டும் கத்தரித்து விட்டு மீதியில் தோண்ட வழி உண்டா என்று பார்க்குமாறு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைக் கேட்டிருப்பதாக அந்த அறிக்கை சொன்னது.

இதன் பொருள் என்ன? மலையும் சுனையும் வல்லூறும் தேவாங்கும் இருக்கிற 193 ஹெக்டேர்தான் பசுமை. மீதி ஆயிரத்து எண்ணூறு ஹெக்டேரில் இருக்கிற நெல்லும் வாழையும் கரும்பும் தென்னையும் பனையும் கண்மாய்க்கரை மரங்களும் பசுமை அல்ல! 1895-ல் பென்னிகுக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து, வைகையில் விழுந்து, கால்வாய் ஏறி மேலூர் வரை வந்து விளைவிக்கிற பயிர், தாவரக் கணக்கிலேயே வராது! பருந்துக்கு இருக்கிற மரியாதை பயிருக்கு இல்லை.

பருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதுவும் அல்லாஹ்வின் படைப்பு, அந்த 193 ஹெக்டேரைக் காப்பாற்றியதும் நன்மைதான். ஆனால் அந்த வேலி ஒரு தந்திரமாக மாறியதைப் பாருங்கள். ‘அபூர்வமானதைத் தொட மாட்டோம்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அபூர்வம் இல்லாததையெல்லாம் அள்ளிக் கொள்வது! சோறு அபூர்வமான பொருள் அல்லவே, அதனால் அதற்குப் பாதுகாப்பு இல்லை. மேலூர் விவசாயிகள் படித்த மேதைகள் இல்லை. ஆனாலும் அந்தச் சலுகையை அன்றே தூக்கி எறிந்தார்கள். எல்லையை மாற்றாதே, ஏலத்தையே ரத்து செய் என்றார்கள். அந்தத் தெளிவு நமக்கு வேண்டாமா?

டெல்லியின் காலண்டர்

சரி, ஒரு நிலத்தில் சுரங்கம் தோண்ட அனுமதி கேட்டால், அங்கே என்ன விளைகிறது, என்ன மரம் நிற்கிறது என்று யார் கணக்கெடுக்கிறார்கள்?

இது நம்மில் பலருக்குத் தெரியாது. சுரங்கம் தோண்டப் போகிற நிறுவனமே, அங்கீகாரம் பெற்ற ஓர் ஆலோசனை நிறுவனத்தைக் கூலிக்குப் பிடிக்கிறது. அவர்கள் வந்து சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு எழுதுகிறார்கள். கயிற்றைக் கட்டி பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரம் போட்டு மரத்தை எண்ணுவார்கள். அதற்குள் சிறிய சதுரம் போட்டு புதரை எண்ணுவார்கள். ஒரு மீட்டர் சதுரத்தில் புல்பூண்டை எண்ணுவார்கள். முறை என்ற அளவில் இதில் குற்றமில்லை. யார் எண்ணுகிறார், எங்கே எண்ணுகிறார், எப்போது எண்ணுகிறார் என்பதில்தான் சூழ்ச்சி நுழைகிறது.

எப்போது என்பதை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். சுரங்கத் திட்டங்களுக்கான பொதுவான ஆய்வு வரம்பில், பருவமழை அல்லாத ஏதேனும் ஒரு பருவத்தின் தரவு போதும் என்று இருக்கிறது. மார்ச் முதல் மே வரை கோடைக்காலம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை ‘மழைக்குப் பிந்தைய காலம்’, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்காலம். இதில் எது வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்குப் பிந்தைய காலமாம்! சிவகங்கைச் சீமையில் பிறந்தவன் எவனாவது இதை எழுதுவானா? ஐப்பசி, கார்த்திகை அடைமழை தெரியாத ஒருவன் டெல்லியில் உட்கார்ந்து நமக்குக் காலண்டர் அடித்திருக்கிறான். நம்முடைய மழையே அப்போதுதான். கண்மாய் நிரம்புவது அப்போதுதான். அப்படியிருக்க கம்பெனிக்காரன் எந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுப்பான்? மார்ச் மாதத்தைத்தான்!

மார்ச்சில் நம் வயல் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். தையில் அறுவடை முடிந்திருக்கும். வைக்கோல் கட்டு வீடு போய்ச் சேர்ந்திருக்கும். காய்ந்த தாள் மட்டும் நிற்கும். கீதாரிகள் ஆட்டுமந்தையை ஓட்டி வந்து கிடை போட்டிருப்பார்கள். அந்தக் கிடைக்கு விவசாயி காசு கொடுக்கிறான், நெல் கொடுக்கிறான். ஏன்? அடுத்த வெள்ளாமைக்கு அதுதான் உரம். நீங்கள் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு விலை பேசுகிற கிடாய்களில் எத்தனையோ அந்தத் தாளைக் கடித்து வளர்ந்தவைதான். அதாவது அந்த வயல் சும்மா கிடக்கவில்லை. அதன் வேலையைச் செய்து கொண்டிருக்கிறது. கயிற்றுச் சதுரம் போடுகிறவன் வந்து பார்த்து ‘பயிர் ஏதும் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போகிறான். பகல் நேரத்தில் பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு இங்கே யாரும் தராவீஹ் தொழுவதில்லை என்று எழுதுவது போல!

இதைவிட வேடிக்கை வானத்திலிருந்து எடுக்கும் படம். கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் எது பச்சையாகத் தெரியும்? சீமைக்கருவேல மரம்! வேரால் நிலத்தை உறிஞ்சி, கண்மாயை அடைத்துக் கொண்டு, நம் விவசாயத்தையே கொன்று கொண்டிருக்கும் அந்த முள்மரம் கொளுத்தும் வெயிலிலும் பச்சை. 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் ஊர் ஊராக அதை வெட்டிச் சாய்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். நெல் விளைகிற வயல் வெறும் மண்ணாகத் தெரிய, எதிரி மட்டும் பச்சையாகத் தெரிவான்! பிறகு அந்தப் புதரையும் காட்டி, ‘இது முள்ளடர்ந்த பயனற்ற நிலம்’ என்று தீர்ப்பு எழுதுவார்கள். வெள்ளாமை இல்லாதபோது தரிசு, முள் முளைத்தால் பாழ். பின் எப்போதுதான் அது விளைநிலம்?

நான் ஒரு சுரங்க ஆய்வறிக்கையின் தாவரப் பட்டியலை வரி வரியாகப் படித்துப் பார்த்திருக்கிறேன். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. அந்த ஊர்க்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு படித்தேன். அவர் பிறந்த நாள் முதல் பார்த்திராத மரங்கள் பட்டியலில் இருந்தன. அவர் வீட்டுக் கொல்லையிலேயே நிற்கும் இலுப்பை அதில் இல்லை. வரப்பில் பறிக்கிற பொன்னாங்கண்ணி இல்லை, கரிசலாங்கண்ணி இல்லை. வரப்புப் பனை இல்லவே இல்லை. வேறு மாவட்டத்து அறிக்கையைப் பார்த்து எழுதியிருப்பார்கள் போல. நெல் ஒரே ஒரு சொல்லாக, ‘பயிரிடப்படுபவை’ என்ற தலைப்பின் கீழ் நான்காவதோ ஐந்தாவதோ வரியில் கிடந்தது. எத்தனை ஏக்கர், எந்தக் கண்மாய்ப் பாசனம், எத்தனை மூட்டை என்று ஒரு எழுத்து இல்லை.

கைபர் தோட்டத்தில் ஒரு மதிப்பீட்டாளர்

சகோதரர்களே, பயிரை மதிப்பிடுவது என்பது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்த கலை என்று நினைத்து விடாதீர்கள். மத்ரஸாவில் ஜகாத் பாடம் ஓதியவர்களுக்கு ‘கர்ஸ்’ என்ற சொல் தெரியும். மரத்தில் நிற்கும் பேரீச்சை இவ்வளவு தேறும் என்று அறுவடைக்கு முன்பே கண்ணால் மதிப்பிடுவதற்கு அந்தப் பெயர்.

கைபர் தோட்டங்களில் பாதி விளைச்சல் மதீனாவுக்கு, பாதி அங்கே உழைக்கும் யூதர்களுக்கு என்று ஒப்பந்தம். மதிப்பிட நபி (ஸல்) அவர்கள் அனுப்பியது அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்களை. அங்கிருந்தவர்கள் தங்கள் வீட்டுப் பெண்களின் நகைகளைக் கழற்றி அவர் முன் வைத்து, கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் என்றார்கள். அவர் அதைத் தொடவில்லை. உங்கள் மேல் எனக்குள்ள வெறுப்பு உங்களுக்கு அநீதி செய்ய என்னைத் தூண்டாது, இந்த லஞ்சமோ ஹராம் என்று சொல்லிவிட்டார். வானமும் பூமியும் இதனால்தான் நிலைத்து நிற்கின்றன என்று அந்த மக்களே ஒப்புக்கொண்டார்கள். முவத்தாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

எவ்வளவு பெரிய பாடம்! மதிப்பீட்டாளர் கூலி வாங்குகிற தரப்புக்காக எழுதவில்லை. எதிர்த் தரப்பின் உரிமையையும் காப்பாற்றினார். அதோடு, மதிப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கை, அல்லது நான்கில் ஒரு பங்கையாவது கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள் என்ற நபிமொழியும் அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இருக்கிறது. எதற்காக அந்தப் பங்கு? பறவை கொத்தும், வழிப்போக்கன் தின்பான், விருந்தாளி வருவான், ஏழைக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று உலமாக்கள் விளக்கம் தருகிறார்கள். இன்றைய மதிப்பீட்டாளனோ பயிரையே விட்டுவிடுகிறான்; பறவையை எங்கே நினைக்கப் போகிறான்?

வானம் பார்த்த பூமிக்குப் பத்தில் ஒன்று, தண்ணீர் இறைத்துப் பாய்ச்சிய பூமிக்கு இருபதில் ஒன்று. இது விளைச்சலின் ஜகாத். பாசன நிலத்தில் உழைப்பும் செலவும் அதிகம் என்பதை மார்க்கம் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்கில் எடுத்துக் கொண்டது. உமர் (ரலி) அவர்கள் இராக்கின் விளைநிலங்களை அளக்க ஹுதைஃபா (ரலி), உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) இருவரையும் அனுப்பினார்கள். தாம் கத்தியால் குத்தப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு கூட அவர்களை அழைத்து, நிலம் தாங்க முடியாத சுமையை அதன் மேல் ஏற்றிவிட்டீர்களோ என்று கேட்டதாக புகாரியில் வருகிறது. நிலம் தாங்குமா என்பது ஒரு கலீஃபாவின் கடைசி நாட்களின் கவலை!

இன்னும் ஒன்று. இதை இளைஞர்கள் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) என்பவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து மஃரிப் என்ற ஊரின் உப்புச் சுரங்கத்தைத் தமக்கு ஒதுக்கித் தருமாறு கேட்டார். நபியவர்கள் கொடுத்துவிட்டார்கள். அவர் எழுந்து போனதும் சபையில் இருந்த ஒருவர், அது வற்றாத நீரூற்றைப் போல எல்லோரும் எடுத்துக் கொள்ளும் பொருள் என்று விவரம் சொன்னார். உடனே அந்த ஒதுக்கீட்டை நபியவர்கள் திரும்பப் பெற்றுக் கொண்டார்கள். அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இருக்கிறது.

சுரங்க ஒதுக்கீடு ரத்து! எப்படி? சபையில் இருந்த சாதாரண ஒருவர் எழுந்து நின்று விவரம் சொன்னதால். மக்கள் கருத்தைக் கேட்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா?

வளையமாதேவியில் ஏக்கர் விலை

2023 ஜூலை 26. கடலூர் மாவட்டம் வளையமாதேவி. நெய்வேலி நிலக்கரிக் கழகத்தின் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பி விட வாய்க்கால் வெட்ட வேண்டும். போலீஸ் படை பாதுகாப்போடு பொக்லைன்கள் இறங்கின. நிலத்தில் என்ன நின்றது? பச்சை நெற்பயிர்! அதன் மேலேயே இரும்புச் சங்கிலிச் சக்கரங்கள் ஏறின. தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குச் சோறு இறங்கியிருக்காது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியே, அறுவடை முடிகிற வரை இரண்டு மாதம் பொறுக்க முடியாதா என்று வேதனையோடு கேட்டார். கடைசியில் அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40 ஆயிரம் ரூபாய் என்று இழப்பீடு நிர்ணயமாயிற்று.

நிலம் எப்போதோ எங்களுக்கு எழுதப்பட்டுவிட்டது என்று நிறுவனம் சொன்னது. பழைய பணம், பழைய விலை, வாக்களித்த வேலை எங்கே என்று மக்கள் கேட்டார்கள். அந்த வழக்கின் நியாயத்துக்குள் நான் இப்போது போகவில்லை. பயிர் நிற்கும்போதே இந்தக் கதி என்றால், பயிர் இல்லை என்று எழுதிய நிலத்தின் கதி என்ன?

அல்பகரா அத்தியாயத்தின் 205-வது வசனத்தை இன்றிரவு எடுத்துப் படியுங்கள். பூமியில் குழப்பம் செய்யத் திரிபவனின் அடையாளமாக அல்லாஹ் இரண்டு அழிவுகளைக் கூறுகிறான்: விளைநிலத்தின் அழிவு, சந்ததியின் அழிவு. இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னது ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் காலடியில் கிராபைட்

“அது மேலூர், இது நெய்வேலி, நமக்கென்ன?” என்கிறீர்களா? சிவகங்கைக்குப் பக்கத்தில் புதுப்பட்டி, குமாரிப்பட்டி, செந்தியுடையநாதபுரம் பகுதிகளில் கிராபைட் இருக்கிறது. தமிழ்நாடு கனிம நிறுவனமான டாமின் அங்கே வெட்டி எடுக்கிறது. பென்சிலுக்குள் இருக்கிற கருப்புப் பொருள்தானே என்று எண்ண வேண்டாம். உங்கள் செல்போன் பேட்டரியிலும் பேட்டரி ஸ்கூட்டரிலும் ஒரு முனை முழுக்க இந்தக் கிராபைட்தான். உலகமே இன்று இதற்காக நாக்கைத் தொங்கப் போட்டுக் கொண்டு அலைகிறது. நம் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் ஆராய்ச்சி நடப்பதும் இந்த பேட்டரிகளைப் பற்றித்தான். ஆக, நம் வட்டாரத்து மண்ணுக்கு விலை ஏறிக் கொண்டிருக்கிறது. விளைவதற்காக அல்ல, தோண்டுவதற்காக!

இப்போது சட்டத்தைப் பாருங்கள். 2023-ல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். 24 கனிமங்களை ‘முக்கியமானவை’ என்று தனிப் பட்டியலில் போட்டு, அவற்றை ஏலம் விடும் அதிகாரத்தை மாநிலங்களிடமிருந்து மத்திய அரசு எடுத்துக் கொண்டது. டங்ஸ்டன் அதில் உண்டு. கிராபைட்டும் உண்டு. அடுத்து 2025 செப்டம்பர் 8 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. இந்த முக்கியக் கனிமங்களுக்கும் அணுக் கனிமங்களுக்கும் சுரங்கம் தோண்டப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு! தேசப் பாதுகாப்பாம், அவசரமாம்.

இதுவரை என்ன இருந்தது? 2006 அறிவிக்கையின்படி, 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, கலெக்டர் அல்லது அவரது பிரதிநிதி தலைமையில் கூட்டம் நடக்கும். அந்தக் கூட்டத்தில்தான் ஒரு விவசாயி எழுந்து, ‘ஐயா, இந்த அறிக்கையில் பயிரே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள், இதோ என் அடங்கல்’ என்று காட்ட முடியும். மஃரிப் உப்புச் சுரங்கத்தைப் பற்றி எழுந்து நின்று விவரம் சொன்னாரே அந்த ஒருவர், அவருடைய இடம் அது. அந்த இடத்தைத்தான் பிடுங்கிவிட்டார்கள்! இனி கூலிக்கு எழுதிய அறிக்கை நேராக டெல்லிக்குப் போகும். அதை மறுத்துப் பேச ஊருக்கு மேடை இல்லை.

காவிரிப் படுகையாவது 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துக்குள் இருக்கிறது. புதுக்கோட்டையின் ஒரு பகுதிக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. அதை ஒட்டியிருக்கும் சிவகங்கைக்கு இல்லை. பெரியாறு பாசன மேலூருக்கும் இல்லை. நம் கண்மாய்ப் பாசனம் பாசனம் இல்லையா? ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகிற சங்கிலி அது. நடுவில் ஒரு குழி தோண்டினால், கோட்டுக்கு வெளியே மூன்று ஊர் தள்ளி இருக்கிறவன் வயல் காயும். நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றாமல் ஆழச் சுரங்கம் நடக்காது. நெய்வேலியில் பல பத்தாண்டுகளாக நடப்பது அதுதான். எந்த அறிக்கையாவது அந்த மூன்றாவது ஊரின் நெல்லை எண்ணுகிறதா?

சுரங்கமே ஹராம் என்று நான் ஃபத்வா கொடுக்கவில்லை. மண்ணுக்கடியில் கிடைப்பதற்கும் மார்க்கத்தில் சட்டம் இருக்கிறது, ஜகாத் இருக்கிறது. எனக்கும் செல்போன் இருக்கிறது, அதற்குள்ளும் இந்தக் கிராபைட் இருக்கிறது. பாறையும் பொட்டலுமாக இருக்கிற இடத்தில், அந்த ஊரைக் கேட்டு, நேர்மையாக அளந்து தோண்டினால் யார் தடுக்கப் போகிறார்கள்? பொய்க் கணக்கு எழுதித் தோண்டாதே என்பதுதான் என் வாதம்.

வியாபாரிக்கு வயல் எதற்கு?

ஹார்டுவேர்ஸ் கடை பாய்க்கு இப்போது வருகிறேன்.

பாய், உங்கள் கடையில் மண்வெட்டியும் கதிர் அரிவாளும் பைப்பும் மோட்டார் வயரும் யார் வாங்குகிறார்கள்? தை மாதம் வசூல் ஏறுகிறதே, எந்தப் பணம் அது? புதுவயல் அரிசி ஆலைகளுக்கு நெல் எங்கிருந்து வருகிறது? இளையான்குடிப் பக்கத்து மிளகாய் மூட்டை சாக்கு மாறி லாரி ஏறுகிறதே, அது மொட்டை மாடியிலா காய்த்தது? விவசாயி கையில் காசு இல்லாத வருடம் ஜவுளிக்கடையில் ஈயாடும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கல்லாப்பெட்டிக்கு அடியில் ஓடுகிற வாய்க்காலை நீங்கள் பார்த்ததில்லை, அவ்வளவுதான். மேலூர் வியாபாரிகள் பார்த்தார்கள். போராட்டத்தின்போது கடையை அடைத்துவிட்டு விவசாயியோடு நின்றார்கள். அங்கே சாதி கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை.

இளைஞர்கள் வேறொன்று கேட்கிறார்கள். “குடியுரிமைச் சட்டம், வக்ஃபு சட்டம் என்று நம் தலைக்கு மேலேயே கத்தி தொங்குகிறது. இதில் ஊரான் வயலுக்கு நாம் எதற்குக் கொடி பிடிக்க வேண்டும்?” தம்பிகளே, 2025 வக்ஃபு திருத்தச் சட்டத்தின் சண்டை எதைப் பற்றியது? நிலத்தின் மேல் யார் என்ன எழுதுகிறார்கள் என்பதைப் பற்றியதுதானே! நூற்றாண்டுகளாகத் தொழுத இடமாக இருந்தாலும் தாளில் இல்லை என்றால் இல்லை என்கிறார்கள். நூற்றாண்டுகளாக விளைந்த இடமாக இருந்தாலும் அறிக்கையில் இல்லை என்றால் இல்லை என்கிறார்கள். இரண்டும் ஒரே பேனா. நம் பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் எழுதி வைக்கப்பட்ட நஞ்சையில் எத்தனை ஏக்கருக்கு இந்த வருட அடங்கலில் பயிர் ஏறியிருக்கிறது என்று எந்த முத்தவல்லியாவது பார்த்திருக்கிறாரா? பார்த்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள். நான் விசாரித்த இடங்களில் உதட்டைப் பிதுக்கினார்கள்.

ஆகவே கோஷம் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நம் கணக்கை நாமே எழுத வேண்டும். சம்பா நிற்கிற கார்த்திகை, மார்கழியில் வயலுக்குப் போங்கள். சர்வே எண் சொல்லி, தேதி தெரிகிற மாதிரிப் படம் எடுங்கள். வரப்புப் பனையை, வேம்பை, புங்கனை, கண்மாய்க்கரை நாட்டுக்கருவேலை எண்ணி எழுதுங்கள். பங்குனியில் ஆட்டுக்கிடை கிடக்கும்போதும் போய்ப் படம் எடுங்கள். அதுவும் பயிர்க் கணக்குதான். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அடங்கலில் உண்மையான பயிர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். போன வருடத்தை அப்படியே பெயர்த்து எழுதியிருந்தால் மனுக் கொடுத்துத் திருத்துங்கள். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். பல ஊர்களில் அது அலமாரியில் தூங்குகிறது. அதை எழுப்பி, நம் ஊர் நெல் ரகத்தையும் கீரையையும் மரத்தையும் அதில் ஏற்றச் சொல்லுங்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தைப் பறித்துவிட்டார்கள், கிராம சபையைப் பறிக்கவில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு முறை அது கூடுகிறது. ஏதோ ஒரு அறிவிப்பு வந்த பிறகு ஓடுவதைவிட, முன்கூட்டியே இந்தக் கணக்கைத் தீர்மானமாகப் பதிவு செய்து வைத்தால், பின்னால் தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனாலும் கையில் ஆதாரம் இருக்கும்.

உலமாக்களுக்கும் ஒரு வார்த்தை. விளைச்சலின் ஜகாத்தான உஷ்ர் பற்றி நாம் மிம்பரில் பேசியே எத்தனை வருடமாயிற்று? ஒவ்வொரு ஜமாஅத்தும் உஷ்ர் கணக்கு எடுக்க ஆரம்பித்தால், யார் நிலத்தில் எத்தனை மூட்டை விளைந்தது, அது மழைத் தண்ணீரா, இறைத்த தண்ணீரா என்பது வருடம் தவறாமல் நம் பதிவேட்டில் இருக்கும். ஏழையின் ஹக்கும் கிடைக்கும், பொய் அறிக்கைக்குப் பதிலும் கிடைக்கும்.

பாய் என்னிடம் கடைசியாக, “அடங்கல்னா என்ன ஹஜ்ரத்?” என்று கேட்டார். அவருடைய மாமனாருக்குக் கல்லல் பக்கம் ஆறு ஏக்கர் நஞ்சை இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. சர்வே எண் கேட்டு வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார். மற்றவர்களும் பட்டா நகலோடு எந்த நாளிலும் அஸருக்குப் பின் நம் காரைக்குடி அலுவலகத்துக்கு வரலாம். மனு எழுதித் தர ஆள் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

வஸ்ஸலாம்.